பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே ரிசீவர்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சத்துவாச்சாரியில் எங்கள் ஹாலில் இப்போது இருக்கும் ஏ.வி. ரிசீவர் நான் வாங்கிய இரண்டாவது. முதலில் வாங்கியதை ஐந்தே மாதத்தில் 16,000 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன். படத்தில் குண்டு வெடித்தால் ஜன்னல் அதிர்ந்தது, ஆனால் காலையில் நாதஸ்வரம் போட்டால் இரண்டு நிமிடம் உட்கார முடியவில்லை. காதைக் கீறியது. இரண்டாவதை வாங்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதத்தில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். இதே வரிசையில் செய்தால் உங்களுக்கு ஒரு மாதம் போதும்.

ஏ.வி. ரிசீவர் என்பது டிவி, ஃபயர் ஸ்டிக், ப்ளூ-ரே பிளேயர், போன் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கி, டால்பி, டி.டி.எஸ். என்ற பல ஸ்பீக்கர் ஒலி வடிவங்களில் வருவதைப் பிரித்து, ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் பெட்டி. ஸ்பீக்கர் அதோடு வராது, தனியாக வாங்க வேண்டும். ஆகவே இந்த வேலையில் ரிசீவரைக் கடைசியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அதை முதலில் செய்ததால்தான் 16,000 போனது.

1. ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

வீட்டில் பாட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, படம் எத்தனை மணி நேரம் என்று ஏழு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'நாங்க படம்தான் சார் அதிகம் பார்ப்போம்' என்று கடையில் சொன்னவன் நான். எழுதிப் பார்த்தால் அந்த வாரம் பாட்டு 11 மணி நேரம், படம் 5 மணி நேரம்.

பத்தில் எட்டுப் பங்கு பாட்டுதான் என்றால் 5.1 ரிசீவரே, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் பேஸ் என்ற அடி ஒலிக்கு ஒரு சப்வூஃபரும் வைக்கும் வகையே, வேண்டாம். எச்.டி.எம்.ஐ. உள்ள ஸ்டீரியோ ரிசீவர் என்று ஒரு வகை இருக்கிறது. மராண்ட்ஸ் என்.ஆர்.1200, டெனான் டி.ஆர்.ஏ.-800எச் இரண்டும் அந்த வகையில் வந்தவை. டிவியையும் இணைக்கலாம், ஆனால் பவர் இரண்டே ஸ்பீக்கருக்கு. ஒரே விலையில் ஏழு ஆம்ப்ளிஃபயரைத் திணித்த பெட்டியைவிட இரண்டை மட்டும் ஒழுங்காகச் செய்த பெட்டி பாட்டுக்கு நன்றாக இருக்கும். பாதிக்குப் பாதி என்றால் ஏ.வி. ரிசீவர்தான் சரி. இனி எழுதுவது அவர்களுக்கு.

நம் ஊர்ப் பக்கம் போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அசெம்பிள் செய்து தரும் ஆம்ப்ளிஃபயரையும் பலர் கேட்கிறார்கள். கைதேர்ந்த மெக்கானிக் செய்தது ஸ்டீரியோ பாட்டுக்கு நன்றாகவே பாடும், விலையும் பாதிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முழு எச்.டி.எம்.ஐ. வசதியோ, மைக் வைத்து அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் வசதியோ கிடையாது. படத்துக்கு அந்த இரண்டும் வேண்டும்.

2. அறையை அளந்துகொள்ளுங்கள்

நீளம், அகலம், உயரம், டிவிக்கும் சோபாவுக்கும் இடையில் எத்தனை அடி, சோபாவுக்குப் பின்னால் எத்தனை அடி. இந்த ஐந்து எண்களைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பின் சுவரை ஒட்டிய சோபாவில் பேஸ் குழம்பும், ஓர் அடியாவது முன்னால் இழுங்கள்.

அடுத்து அறை நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். 'டொய்ங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த அறையில் எந்த ரிசீவரும் கீச்சென்றுதான் கேட்கும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை, நம் வீடுகள் எல்லாமே இப்படித்தான். முதல் ரிசீவர் மேல் நான் சுமத்திய பழியில் பாதி எங்கள் தரைக்குச் சேர வேண்டியது. ஒரு கனத்த ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலமாரி. மொத்தம் 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதே நாதஸ்வரம், அதே பழைய ரிசீவரில், கொஞ்சம் தணிந்து ஒலித்தது. எந்த மாடலைப் பற்றி யோசிப்பதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

3. ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். ஸ்பீக்கர் விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஓம்ஸ், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை: 6 அல்லது 8 என்றால் தொடக்க நிலை ரிசீவர் கவலையில்லாமல் ஓட்டும், 4 என்றால் வாங்குவதற்கு முன் ரிசீவரின் கையேட்டைப் பாருங்கள். மற்றொன்று சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் சத்தம் என்பது. 85 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 88 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸிலேயே தந்துவிடும். 12க்கு 15 அடி ஹாலுக்கு 87, 88 இருந்தால் நிம்மதி.

என் செலவு இது: ரிசீவர் 43,000, முன் ஸ்பீக்கர் ஜோடி 26,000, சென்டர் (டிவிக்குக் கீழே வைக்கும், வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்) 12,000, சப்வூஃபர் 24,000, வயர், பிளக், கேபிள் 5,000. ஆக 1,10,000. பின்பக்க ஜோடியை நான்கு மாதம் கழித்து 11,000க்கு வாங்கினேன். இப்படிக் கட்டம் கட்டமாக வாங்குவதில் தவறே இல்லை. முன் ஜோடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாட்டு முழுக்க அந்த இரண்டில்தான் வருகிறது.

முன் ஜோடியும் சென்டரும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒருவர் பேசிக்கொண்டே இடமிருந்து வலம் நடந்தால் நடுவில் குரல் மாறும்.

4. வாட்ஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கடைக்குள் நுழைந்ததும் 'எத்தனை வாட்ஸ்ணா வேணும்?' என்றுதான் கேட்பார்கள். நானும் பெட்டியில் போட்டிருந்த பெரிய எண்ணைப் பார்த்துத்தான் முதல் ரிசீவரை வாங்கினேன்.

ஒரே ரிசீவருக்கு மூன்று விதமாக வாட்ஸ் எழுதலாம். ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான பவரை) மட்டும் ஓடவிட்டு, 6 ஓம்ஸில், ஒரே ஒரு சுரத்தில், ஒலி 10 சதவீதம் சிதைவதுவரை முறுக்கி அளந்தால் 130 வாட்ஸ் என்று வரும். அதே பெட்டியை இரண்டு சேனலும் ஓட, 8 ஓம்ஸில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.1 சதவீதத்துக்குள் வைத்து அளந்தால் 70 வரும். இரண்டாவதுதான் நீங்கள் ஒப்பிட வேண்டிய எண். அது அட்டைப் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்காது. கம்பெனியின் இணையதளத்தில் விவரத்தாளை இறக்கி, 'இரண்டு சேனல், 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல்' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத மாடலை ஒதுக்கிவிடலாம்.

70க்கும் 100க்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ் இரண்டு மடங்கு ஆனால்தான் 3 டெசிபல் கூடும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது சில வாட்ஸ்தான் செலவாகிறது. நடுத்தர ஹாலுக்கு ஒழுங்காக அளந்த 70, 80 வாட்ஸ் தாராளம். 30 வாட்ஸ் கூடுதலுக்கு 15,000 ரூபாய் கேட்டால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

5. பின்பக்கத்தைப் பாருங்கள்

முகப்பு எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரிதான், ஒரு பெரிய குமிழ், ஒரு டிஸ்ப்ளே. பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. உள்ளீடு குறைந்தது மூன்று வேண்டும். டிவிக்குப் போகும் துளையில் ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலி அதே கேபிளில் ரிசீவருக்குத் திரும்பி வரும் வசதி அது. நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலிக்குச் சாதாரண ஆர்க் போதும். ப்ளூ-ரே வட்டில் இருக்கும் டால்பி ட்ரூ-எச்.டி. போன்ற, சுருக்கியும் தரம் இழக்காத ஒலி டிவி வழியாக வர வேண்டுமென்றால்தான் இ-ஆர்க் தேவை, அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும். பிளேயரை நேராக ரிசீவரில் சொருகினால் அந்தக் கவலையே இல்லை.

பாட்டுக்காரர்கள் கவனிக்க: தொடக்க நிலை மாடல்கள் பலவற்றில் புளூடூத் மட்டும்தான், வைஃபை கிடையாது. புளூடூத் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். சமையல் செய்துகொண்டே கேட்கப் பரவாயில்லை, உட்கார்ந்து கேட்கப் போதாது. வைஃபை உள்ள மாடல் எடுங்கள், அல்லது பென் டிரைவில் தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளைப் போட்டுக் கேட்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

முன் சேனல்களுக்கு 'ப்ரீ-அவுட்' (பவர் ஏற்றுவதற்கு முந்தைய ஒலியை வெளியே எடுக்கும் துளை) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால், நாளைக்குப் பாட்டுக்கென்று தனியாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் சேர்த்துக்கொள்ளலாம், ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை. மலிவான மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ-அவுட் இருக்கும்.

கூரையில் ஸ்பீக்கர் வைக்கும் டால்பி அட்மாஸ் பற்றிக் கேட்பீர்கள். வாடகை வீட்டுக்காரர்கள் மறந்துவிடுங்கள். சொந்த வீடு, ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறீர்கள் என்றால் வயரை மட்டும் இப்போதே இழுத்துவிடுங்கள்.

6. கேட்காமல் வாங்காதீர்கள்

வேலூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் சவுண்ட்பாரும், ஸ்பீக்கரெல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஹோம் தியேட்டரும்தான் ஓடிக்கொண்டிருந்தன. ரிசீவரை ஆர்டர் எடுத்து வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள், போட்டுக் காட்ட ஆளில்லை. ஆகவே ஒரு நாளைச் சென்னைக்கு ஒதுக்குங்கள். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக சென்ட்ரல். டெமோ அறை உள்ள கடைக்கு முதல் நாளே போன் செய்து, எந்த ரிசீவர், எந்த ஸ்பீக்கர் என்று சொல்லி, ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். விலை விசாரிக்க ரிச்சி தெருவுக்கும் போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கடைக்காரர் போடும் டெமோ, எந்தப் பெட்டியிலும் நன்றாகக் கேட்பதற்கென்றே தயாரித்தது. உங்களுக்கு நூறு தடவை கேட்டுப் பழகிய பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். நான் கொண்டுபோனது மூன்று: ஒரு பெண் குரல் தனியாக, ஒரு வீணை, ஒரு நாதஸ்வரம் தவில். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நான்கடி தள்ளி நின்று தவில் கேட்டிருப்பீர்கள் அல்லவா? வலது பக்க வலந்தலையில் விரல் கூடு விழும்போது 'தக்' என்று ஒரு விளிம்பு இருக்கும், இடது தொப்பிப் பக்கம் கோலால் அடிக்கும்போது வயிற்றில் ஒரு தள்ளு. மட்டமான ஏற்பாட்டில் இரண்டும் ஒன்றாகி ஒரே 'தொம்' ஆகிவிடும். எனக்கு மூன்று ரிசீவர்களைப் பிரித்துக் காட்டியது இந்த ஒரு தவில்தான்.

பாட்டை 'டைரக்ட்' மோடில் (ரிசீவர் ஒலியைத் திருத்தாமல் அப்படியே தரும் அமைப்பு) வைத்துக் கேளுங்கள், சப்வூஃபரை அணைக்கச் சொல்லுங்கள். படத்துக்கு, சண்டைக் காட்சி வேண்டாம். மழையில் இருவர் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைத்த பிறகும் வசனம் புரிகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் பார்க்கப் போவது அப்படித்தான்.

7. பில், லேபிள், வாரண்டி

முதல் ரிசீவருக்கு ஒரு கடையில் 'பில் வேண்டாம்னா 5,000 குறைச்சுக்கலாம்' என்றார்கள். குறைத்துக்கொண்டேன். இரண்டாம் மாதம் ஒரு எச்.டி.எம்.ஐ. துளை செத்தது. சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டது பில். அந்தப் பழுதுக்கு என் கையிலிருந்து 6,200 ரூபாய் போனது.

பணம் கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை:

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். அந்தச் சீரியல் எண் பெட்டியிலும் ரிசீவரின் முதுகிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் அச்சிட்ட லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அது சட்டம். லேபிள் இல்லாத பெட்டி சுற்று வழியில் வந்தது, இந்திய வாரண்டி கிடைக்காது.

வாரண்டி எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா, கூரியர் செலவு யாருடையது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். எட்டு, பத்து கிலோப் பெட்டி இது, சென்னைக்குத் தூக்கிப் போக வேண்டிவரலாம். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள்.

பில் இருந்தும் கடை கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறேன் என்றால் அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாது, 60க்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடாகும்.

8. கரண்ட்டும் காற்றும்

மல்ட்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ரிசீவர் வைக்கப் போகும் பிளக்கில் பகலிலும் இரவு எட்டு மணிக்கும் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். 210க்கும் 245க்கும் இடையில் நின்றால் நல்ல சர்ஜ் புரொடெக்டர் போதும். எங்கள் தெருவில் மே மாத இரவில் 190க்கு இறங்கியது. அதனால் டிவிக்கும் ரிசீவருக்கும் சேர்த்து ஒரு ஸ்டெபிலைசர் போட்டேன். எர்த் இருக்கிறதா என்றும் அவரிடமே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் காரணம் பெரும்பாலும் எர்த், அல்லது கேபிள் டிவி ஒயர். பழைய வகை இன்வெர்ட்டர் லைனில் ரிசீவரைப் போடாதீர்கள், சைன் வேவ் என்றால் பரவாயில்லை. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவு வைத்த ஷோகேஸுக்குள் ரிசீவரை வைத்தால் கோடையில் பாதிப் படத்தில் தானாக அணையும். எனக்கு அணைந்தது. மேல்பக்கம் அரை அடி இடைவெளி விட்டு, கதவைக் கழற்றிவிடுங்கள். மேலே செட்-டாப் பாக்ஸை வைக்காதீர்கள்.

9. வயர்

16 கேஜ் சுத்தமான செம்பு ஸ்பீக்கர் வயர் போதும். 'சி.சி.ஏ.' என்று போட்டிருந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம், வேண்டாம்.

முனையைச் சீவும்போது அவசரப்படாதீர்கள். என் ரிசீவர் முதல் நாள் ஆன் ஆன மூன்றாவது நொடியில் 'ப்ரொடெக்ட்' என்று காட்டி அணைந்தது. திரும்பத் திரும்ப அதே கதை. டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிவப்பு முனையிலிருந்து தலைமுடி அளவு ஒரே ஒரு செம்பு இழை விலகி, பக்கத்துக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டு மினுங்கியது. ஒவ்வொரு முனையையும் இறுக்கி முறுக்குங்கள், முடிந்தால் வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போடுங்கள். ரிசீவர் பிளக்கைக் கழற்றிய பிறகே வயரில் கை வையுங்கள். எல்லா ஸ்பீக்கருக்கும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினாலும் பேஸ் காணாமல் போகும்.

புது வீடு கட்டுபவர்கள் சுவருக்குள் முக்கால் அங்குல பைப் விடச் சொல்லாதீர்கள், எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை அதில் நுழையாது. ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள்.

10. மைக் வைத்துச் சரிசெய்தல், டிவி செட்டிங்

ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வரும். அதைக் கையில் பிடிக்காதீர்கள், சோபா மேலும் வைக்காதீர்கள். டிரைபாடில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நான் இரவு பதினொரு மணிக்குச் செய்தேன். இருபது நிமிடம் ஃபேன் இல்லாமல் வேர்த்துக் கொட்டியது, ஆனால் பகலில் ஆட்டோ சத்தத்தோடு செய்ததைவிட முடிவு தெளிவாக இருந்தது. முடிந்ததும் மெனுவில் ஸ்பீக்கர்கள் 'ஸ்மால்' என்றும், அவற்றின் பேஸை சப்வூஃபருக்குப் பிரித்து அனுப்பும் எல்லையான கிராஸ் ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள். அலமாரியில் வைக்கும் சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரையே 'லார்ஜ்' என்று அது எழுதிவைத்தால் கையால் மாற்றிவிடுங்கள்.

டிவியில் ஆர்க் என்று எழுதிய துளையில்தான் கேபிள் இருக்க வேண்டும். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருந்தால் ஐந்து ஸ்பீக்கர் வைத்தும் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான் வரும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' ஆக்குங்கள், டிவி ஒலியைப் பிரிக்காமல் ரிசீவருக்கு அனுப்பும். நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த ஒரு செட்டிங்குக்காகத்தான்.

பாட்டுக்கு 'டைரக்ட்' மோடா, 'ஸ்டீரியோ' மோடா என்பது கடைசி முடிவு. டைரக்டில் பெரும்பாலும் மைக் வைத்துச் செய்த திருத்தம் வேலை செய்யாது, சில மாடல்களில் சப்வூஃபரும் நின்றுவிடும். சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அதனால் ஸ்டீரியோவே நன்றாக இருக்கலாம். ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் வீணைக்கு டைரக்ட், தவிலுக்கு ஸ்டீரியோ. ரிமோட்டில் இருக்கும் சீன் அல்லது குவிக் செலக்ட் பட்டன்களில் ஒன்றில் பாட்டுக்கான அமைப்பையும், இன்னொன்றில் படத்துக்கானதையும் சேமித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அந்த இரண்டு பட்டனைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.